அம்மாவின் கண்ணில் புண் ஆறவில்லை, வலியும் இல்லை

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கிராமம். என் அம்மாவுக்கு 57 வயது. 12 வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஆறு வாரத்துக்கு முன்னால் கரும்பில் சோகை உரிக்கும்போது தோகை இடது கண்ணில் கிழித்துவிட்டது. முதலில் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டோம். பக்கத்து வீட்டு அத்தை சொன்னார் என்று நந்தியாவட்டைப் பூவையும் பிழிந்து விட்டோம். அப்புறம் கடலூரில் கண் டாக்டரிடம் காட்டினோம். புண்ணைச் சுரண்டிப் பரிசோதித்துவிட்டு, பூஞ்சையும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை என்றார். ஆனாலும் புண் மூடவில்லை. போகும்போதெல்லாம் ஒரு மருந்து கூடுகிறது, இப்போது ஐந்து பாட்டில் ஆகிவிட்டது. அம்மாவோ, "வலியே இல்லடா, விடு, நான் வேலைக்குப் போறேன்" என்கிறார். லென்ஸ் வைக்கலாம், இல்லையென்றால் அவர் ரத்தத்திலேயே சொட்டு மருந்து செய்யலாம், அதுவும் கேட்காவிட்டால் இமையைத் தைக்கலாம் என்று சொல்கிறார்கள். கண்ணைத் தைப்பது என்றதும் வீட்டில் ஒரே அழுகை. இன்சுலினைக் கண்ணில் விட்டால் ஆறும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. விடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது "வலியே இல்லடா, விடு" என்று அம்மா சொன்ன வார்த்தைதான்.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழியில் நரம்பு நுனிகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. உடம்பில் வேறெங்கும் அப்படிக் கிடையாது. ஒரு மணல் துகள் விழுந்தால்கூட நாம் துடித்துப்போவது அதனால்தான். தோகை கிழித்து, மேல்தோல் உரிந்து, ஆறு வாரமாகத் திறந்து கிடக்கிற புண் வலித்தே ஆக வேண்டும். வலிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் நரம்பு மரத்துப்போயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்து, முள் குத்தியதே தெரியாமல் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே சர்க்கரை கருவிழியின் நரம்புகளையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். காலை எல்லாரும் கவனிக்கிறோம், கண்ணை யாரும் நினைப்பதில்லை.

வலியைச் சொல்வது மட்டும் அந்த நரம்புகளின் வேலை என்றால்கூடப் பரவாயில்லை. கருவிழியின் மேல்தோல் உயிரோடு இருப்பதற்கு வேண்டிய சில பொருள்களைச் சுரந்து கொடுப்பதும் அவைதான். கண்ணீர் ஊறுவதும், இமை சரியான நேரத்துக்குக் கொட்டுவதும் அந்த நரம்பு அனுப்பும் சேதியால்தான் நடக்கின்றன. நரம்பு சோர்ந்தால் கண்ணீர் குறையும், இமைப்பது குறையும், செல்கள் பெருகுவதும் குறையும். புண்ணைத் தானே மூடிக்கொள்ளும் சக்தி கண்ணுக்கு நிறையவே உண்டு. உங்கள் அம்மாவின் கண்ணில் அதை ஏதோ ஒன்று தடுக்கிறது. அது ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம். ஐந்தாவது பாட்டிலுக்கு அப்புறம் ஆறாவது வாங்குவதைவிட அந்தத் தடை எது என்று தேடுவதுதான் இப்போதைய வேலை.

கருவிழியின் மொத்தப் பருமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் மேல்தோல் பத்தில் ஒரு பங்கு. அதற்குள்ளேயே ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள். சாதாரணமாக நகம் பட்டாலோ இலை கீறினாலோ சுற்றியுள்ள செல்கள் நகர்ந்து வந்து, ஒன்றிரண்டு நாளில், மிஞ்சிப்போனால் மூன்று நாளில் மூடிவிடும். நல்ல சிகிச்சை கொடுத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் மூடாமல் இருந்தால் அதை ஆறாத புண் என்று தனியாக வைத்துப் பார்ப்போம். அம்மாவுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது. மேல்தோல் இல்லாமல் கிடந்தால் அடியில் இருக்கும் பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்து மெலிந்த இடம் ஒரு நாள் ஓட்டையாகலாம், அல்லது கிருமி உள்ளே இறங்கலாம். வலி இல்லாதவருக்கு இரண்டும் சத்தமில்லாமல் நடக்கும். அதனால் "வலிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சரி, எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

உணர்ச்சியைப் பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பஞ்சிலிருந்து ஒரு இழையைப் பிரித்து முறுக்கி, அதன் நுனியைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து கருவிழியை லேசாகத் தொடுவோம். நல்ல கண் நுனி பட்ட மாத்திரத்தில் மூடிக்கொள்ளும், தண்ணீரும் கொட்டும். உணர்ச்சி போன கண், பஞ்சு மேலே உட்கார்ந்திருந்தாலும் திறந்தபடியே இருக்கும். நல்ல கண்ணையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மரத்துப்போகும் சொட்டு விடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், விட்ட பிறகு செய்தால் பயனில்லை. "அம்மாவுக்கு உணர்ச்சி பார்த்தீர்களா டாக்டர்?" என்று நீங்களே தயங்காமல் கேளுங்கள். கேட்டால் எந்த டாக்டரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் ஆரஞ்சு நிறச் சாயத் தாளைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் பார்ப்போம். மேல்தோல் இல்லாத இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். புதுப் புண்ணின் ஓரம் தட்டையாக இருக்கும். பல வாரமாக ஆறாத புண்ணின் ஓரமோ சற்றுத் தடித்து, சுருண்டு, சாம்பல் நிறத்தில் இருக்கும். செல்கள் ஓரம்வரை வந்து, மேலே போக முடியாமல் அங்கேயே குவிந்து நிற்பதால் அப்படி ஆகிறது. அந்த ஓரத்தைப் பார்த்தாலே எவ்வளவு நாளாக இந்தப் போராட்டம் என்று தெரிந்துவிடும். சில சமயம் அந்தச் சுருண்ட ஓரத்தை மெதுவாக எடுத்துவிட்டாலே செல்கள் மறுபடி நகர ஆரம்பிக்கும்.

மேல் இமையைத் திருப்பிப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். கரும்புத் தோகையின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். அதன் சுனையோ பொடித் துணுக்கோ மேல் இமையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் புண்ணைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். உள்பக்கமாக மடங்கி வளரும் இமை முடியும் இதையேதான் செய்யும். இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் எந்தச் சொட்டு மருந்தும் இதைச் சரிசெய்யாது.

ஒரு வேலை உங்களுக்கும் இருக்கிறது. அம்மா நன்றாகத் தூங்கிய பிறகு, விளக்கைப் போடாமல், போன் வெளிச்சத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவர் கண்ணைப் பாருங்கள். இடது இமை முழுவதும் மூடியிருக்கிறதா, இல்லை கீழே ஒரு கோடு மாதிரி வெள்ளை தெரிகிறதா? தெரிந்தால் ஒரு போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். இரவெல்லாம் திறந்து கிடக்கும் அந்தக் கோட்டில் புண் காய்ந்துகொண்டே இருக்கும். பகலில் என்ன மருந்து விட்டாலும் இரவில் அது வீணாகிவிடும்.

இன்னொன்றும் கேட்டுச் சொல்லுங்கள். எப்போதாவது அம்மாவுக்கு இடது நெற்றியிலோ இமையிலோ அக்கி வந்ததுண்டா? நம் ஊர்களில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள், டாக்டரிடம் சொல்லும் வழக்கமே இல்லை. அக்கி ஆறி வருடக்கணக்கில் ஆன பிறகும் அந்தப் பக்கத்துக் கருவிழி உணர்ச்சி இல்லாமலே இருக்கலாம். உதட்டோரம் கொப்புளம் போடுகிற ஹெர்பிஸ் வைரஸ் கண்ணுக்கு வந்தாலும் அப்படித்தான். அது இருந்தால் வைரஸுக்கான மாத்திரையும் சேர்ந்தால்தான் புண் மூடும்.

இப்போது அந்த ஐந்து பாட்டில். அடுத்த முறை போகும்போது, மெடிக்கலில் முதலில் வாங்கிய சொட்டு உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். பெயரை எழுதிக்கொண்டு போனால் போதாது, பாட்டிலே வேண்டும். பெரும்பாலான சொட்டு மருந்துகளில் கெடாமல் இருப்பதற்கு பென்சல்கோனியம் குளோரைடு என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். ஒரு பாட்டிலை நாளுக்கு இரண்டு முறை விட்டால் நல்ல கண் தாங்கும். ஐந்து பாட்டிலை நாளெல்லாம் மாறி மாறி விட்டால் புதிதாக வரும் செல்களையே அது கொன்றுவிடும். ஜென்டாமைசின், டோப்ராமைசின் மாதிரியான ஆன்டிபயாடிக் சொட்டுகளும், பூஞ்சைக்கான நாட்டாமைசினும், கிருமி இல்லாத கண்ணில் வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால் ஆறுவதைத் தாமதப்படுத்தும். டைக்ளோஃபெனாக், கெட்டோரோலாக் போன்ற வலிநிவாரணச் சொட்டுகள், உணர்ச்சி குறைந்த கண்ணில் கருவிழியைக் கரைத்துவிடும் அபாயம் உண்டு. அப்படி ஒன்று பையில் இருந்தால் டாக்டர் பார்வையில் அது முதலில் பட வேண்டும்.

மெடிக்கலில் வாங்கிய அந்த முதல் சொட்டில் டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டு. கண் சிவப்பை இரண்டே நாளில் குறைத்து, குணமாகிவிட்டது என்று நம்பவைக்கும். இலை, தோகை, வைக்கோல், நெல் உமி பட்ட கண்ணில் பூஞ்சை இறங்குவது நம் பக்கம் சாதாரணம். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் பூஞ்சை கொழுத்து வளரும். வெறும் கீறலாக இருந்தாலும் ஆறுவதைத் தடுக்கும். இந்த வகைச் சொட்டுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தால் பறிபோன கண்கள் கொஞ்சநஞ்சமல்ல, அதைச் சொல்லும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை. நந்தியாவட்டையைப் பொறுத்தவரை, அத்தை நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஆனால் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதுவுமே கிருமி நீக்கியது கிடையாது. தோல் உரிந்த கருவிழியில் இனி எதையும் பிழிய வேண்டாம். கண்ணில் விழுந்ததை நாக்கால் எடுப்பதும் இதில் சேர்த்திதான்.

பை டாக்டர் கைக்குப் போனதும் பெரும்பாலும் இரண்டு மூன்று பாட்டில்தான் மிஞ்சும்: காவலுக்கு ஒரு மென்மையான ஆன்டிபயாடிக், கெடாப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர், இரவுக்குக் களிம்பு. எதை நிறுத்துவது என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள், சிலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சிலருக்கு இந்தக் குறைப்பு மட்டுமே போதும், அடுத்த வாரமே ஓரம் நகர்ந்திருக்கும்.

அது போதவில்லை என்றால்தான் நீங்கள் கேள்விப்பட்ட லென்ஸ். பேண்டேஜ் லென்ஸ் என்பது பவர் இல்லாத மெல்லிய காண்டாக்ட் லென்ஸ். நாம் ஒரு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை இமைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் மேல் இமை புண்ணின் மேல் தேய்த்துக்கொண்டு போகிறது. புதுச் செல் வந்து உட்கார்ந்தாலும் அடிப்பரப்பை இறுக்கப் பிடிக்க நாளாகும். நட்ட நாற்று வேர் பிடிப்பதற்குள் மடைத் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் மிதந்துவிடுமே, அந்த நிலைதான். லென்ஸ் நடுவில் இருந்தால் இமையின் உரசல் புண்ணுக்குப் போகாது. இதை இரவும் பகலும் கழற்றாமல் வைத்திருப்பார்கள், அவர்களே மாற்றுவார்கள். ஆனால் உணர்ச்சி இல்லாத சர்க்கரைக் கண்ணில் லென்ஸோடு கிருமி சேர்ந்தால் தெரியவே தெரியாது. அதனால் ஆன்டிபயாடிக் சொட்டை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. குளம், போர் செட்டுக் குளியல், தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் லென்ஸை எடுக்கும்வரை வேண்டாம். சொன்ன தேதிக்குப் போக முடியாத குடும்பம் என்றால் லென்ஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுவது மேல்.

ரத்தத்தில் செய்யும் சொட்டு பற்றிப் பயமே வேண்டாம். ரத்தத்தை அப்படியே கண்ணில் ஊற்றுவதில்லை. அம்மாவின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, உறைய விட்டு, இயந்திரத்தில் சுழற்றினால் மேலே தெளிந்த மஞ்சள் திரவம் நிற்கும். அதுதான் சீரம். அதைச் சலைன் நீரில் கலந்து, பொதுவாக நூற்றுக்கு இருபது பங்காக, கிருமி இல்லாத சின்னச் சின்ன பாட்டில்களில் அடைப்பார்கள். செல்களை வளர்க்கும் பொருள்கள், வைட்டமின் ஏ, செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் ஃபைப்ரோனெக்டின் எல்லாம் சீரத்தில் உண்டு. நல்ல கண்ணீரிலும் அவை இருக்கின்றன. சாதாரணச் செயற்கைக் கண்ணீரில் கிடையாது. ஆறாத புண்ணுக்கு இதை உலகம் முழுக்க 1990களிலிருந்து பயன்படுத்துகிறார்கள். சர்க்கரை இருப்பவரின் சீரமும் வேலை செய்யும். சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமைப் பயமும் குறைவு.

இதில் கஷ்டம் முழுக்கப் பாதுகாப்பில்தான். சீரத்தில் கெடாப்பொருள் எதுவும் கிடையாது, அறை வெப்பத்தில் கிருமிக்கு அது நல்ல சாப்பாடு. மருத்துவமனையிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஐஸ் போட்ட டப்பாவில் வர வேண்டும். உபயோகத்தில் இருக்கும் ஒரு பாட்டில் ஃபிரிட்ஜில், மற்றவை ஃப்ரீசரில். திறந்ததை எத்தனை நாளில் தூக்கிப்போட வேண்டும் என்று கொடுக்கும்போதே கேட்டு, பாட்டில் மேலேயே தேதி எழுதிவிடுங்கள். கரண்ட் போய் ஃப்ரீசரில் இருந்தது உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்காதீர்கள். கலங்கலாகத் தெரிந்தால், மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

இன்சுலின் கேள்விக்கு வருகிறேன். யூடியூபில் சொன்னவர் இல்லாததைச் சொல்லவில்லை. ஆறாத கருவிழிப் புண்ணுக்கு இன்சுலின் சொட்டு கொடுத்துப் பல மருத்துவமனைகளில் பலன் கண்டிருக்கிறார்கள், சர்க்கரை இல்லாதவர்களுக்குக்கூட. ஆனால் அவர்கள் கொடுத்தது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு ஒரு யூனிட் என்ற அளவில், கிருமி நீக்கிய சூழலில் செயற்கைக் கண்ணீரில் நீர்த்தது. நம் ஊரில் பொதுவாகக் கிடைக்கும் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதில் மெட்டாகிரெசால் மாதிரியான கெடாப்பொருளும் இருக்கிறது, தினமும் ஊசி ஏறி இறங்கிய ரப்பர் மூடியும் இருக்கிறது. அதைக் கண்ணில் விட வேண்டாம், வீட்டில் கலக்கவும் வேண்டாம். "இன்சுலின் சொட்டு அம்மாவுக்குச் சரிப்படுமா, நீங்கள் தயாரித்துக் கொடுப்பீர்களா?" என்று மருத்துவமனையில் கேளுங்கள். கேட்க வேண்டிய நல்ல கேள்விதான் அது.

வெளிநாட்டில் செனெஜெர்மின் என்று ஒரு சொட்டு இருக்கிறது. நரம்புகள் வளர உதவும் 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்ற பொருளைக் கண்டறிந்ததற்காக விஞ்ஞானி ரீட்டா லெவி மொண்டால்சினி 1986இல் நோபல் பரிசை ஸ்டான்லி கோஹனோடு பகிர்ந்துகொண்டார். அந்தக் காரணியை மருந்தாக்கி, 2017இல் ஐரோப்பாவிலும் 2018இல் அமெரிக்காவிலும் அனுமதித்தார்கள். நாளுக்கு ஆறு முறை, எட்டு வாரம். அங்கே ஒருவருக்கு ஆகும் செலவு பல லட்சங்களில் போகிறது. நீங்கள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே கிடைக்கும் வழிகளிலேயே பெரும்பாலான புண்களை மூட முடிகிறது.

இனி, வீட்டில் அழுகையைக் கிளப்பிய அந்தத் தையல். இதற்குக் கண்ணைத் தைப்பது என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள், அந்தப் பெயரே பாதிப் பேரை ஓடவைக்கிறது. கண்ணில் ஊசியே படாது. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, மேல் இமையும் கீழ் இமையும் சேரும் வெளிப்பக்க ஓரத்தில் ஒரு பகுதியை மட்டும் சேர்த்துத் தைப்பார்கள். நடுவில் இடைவெளி இருக்கும், அதன் வழியாகவே மருந்து விடலாம், டாக்டர் பார்க்கலாம், அம்மாவும் ஓரளவு பார்ப்பார். புண் ஆறியதும் பிரித்துவிடலாம். காற்று படாது, காயாது, உரசல் குறையும், உள்ள கண்ணீர் உள்ளேயே நிற்கும். உணர்ச்சி போன கருவிழிக்கு இதைவிட நம்பகமான சிகிச்சை குறைவு. என்னைக் கேட்டால், "கடைசியில் பார்க்கலாம்" என்று இதைத் தள்ளிப்போட்டு, கருவிழி மெலிந்த பிறகு செய்வதுதான் வருத்தமான காரியம். இரவில் இமை மூடவில்லை என்று நீங்கள் எடுக்கும் போட்டோ காட்டினால், லென்ஸுக்கு முன்னாலேயே இதைப் பேசலாம்.

இவற்றோடு, சிசேரியன் ஆன தாய்மாரின் சம்மதத்தோடு எடுத்து, எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள் எல்லாம் பரிசோதித்துப் பதப்படுத்திய பனிக்குடச் சவ்வைப் புண் மேல் போர்த்துவதும் உண்டு. சில வாரத்தில் அது கரைந்துபோகும், அதற்குள் அடியில் தோல் வளர வழி கிடைக்கும். கருவிழி கரைவதைக் குறைக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் வைட்டமின் சியும் கொடுக்கலாம்.

எந்த வழியில் போனாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் கண் ஒத்துழைக்காது. மூன்று மாதச் சராசரியைப் பார்த்து, இன்சுலின் அளவைச் சர்க்கரை டாக்டரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். கண் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆறு வாரம் ஆகிவிட்டதால் கருவிழிக்கென்று தனிப் பிரிவு உள்ள இடத்தில் ஒரு முறை காட்டுங்கள். உங்களுக்குத் தூரமில்லை. கடலூர்–புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. இப்போது பார்க்கும் டாக்டரிடமே சொல்லி, சுரண்டல் பரிசோதனை முடிவையும் ஒரு கடிதத்தையும் வாங்கிப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது. முதல் சுரண்டலில் எதுவும் வளராமல், பிறகு பூஞ்சை தெரிவதும் உண்டு. தேவைப்பட்டால் மறுபடி எடுப்பார்கள், அதற்குச் சலித்துக்கொள்ள வேண்டாம்.

தினமும் காலையில் நல்ல வெளிச்சத்தில் அம்மாவின் கருவிழியைப் பாருங்கள். வலி சொல்லாது, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ புள்ளி தெரிந்தால், பீளை கூடினால், சிவப்பு திடீரென ஏறினால், பார்வை நேற்றைவிட மங்கினால், அன்றே கிளம்புங்கள். சூடாகத் தண்ணீர் குபுக்கென்று கொட்டினால் கருவிழி ஓட்டையாகியிருக்கலாம். கண்ணை அழுத்தாமல், தேய்க்காமல், மேலே எதுவும் படாதபடி ஒரு மூடியை வைத்துக் கட்டி, அது நடுராத்திரியானாலும் அழைத்துப் போங்கள்.

வேலைக்குப் போகலாமா என்றால், புண் மூடும்வரை கரும்புக்காட்டுப் பக்கமே வேண்டாம். தூசியும் காற்றும் அடுப்புப் புகையும் ஆகாது. மூடிய பிறகும் புதுத் தோல் அடிப்பரப்பை இறுக்கப் பிடிக்கச் சில மாதங்கள் ஆகும், அதுவரை இரவுக் களிம்பை நிறுத்தக் கூடாது. அம்மாவின் வலது கண்ணையும் பஞ்சால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இரண்டு கண்ணுக்கும் ஒன்றுதான், அதிலும் உணர்ச்சி குறைந்திருந்தால் இப்போதே தெரிந்தாக வேண்டும். அப்புறம் சோகை உரிக்கப் போகும் நாளில், பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். வெல்டிங் சாமான் விற்கும் கடையில் குறைந்த விலைக்கே கிடைக்கும். அம்மாவோடு அதே வரிசையில் உரிக்கும் மற்றப் பெண்களுக்கும் சேர்த்து வாங்கினால் இன்னும் நல்லது.